மானெக் உராய்: லெபிர் ஆற்றங்கரையில் ஓர் ஊர்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் 2024 டிசம்பரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் மாமு என்னைக் கூப்பிட்டு, "கைலி வியாபாரத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசு" என்றார்கள். கைலியைப் பற்றிப் பேச என்னைவிட மூத்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்று சொல்லும்போது அதற்குள் நம் பழவேற்காடு ஒளிந்திருக்கிறது என்பதையும் நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். அதனால் நான் கைலி விற்கப் போகும் ஓர் ஊரைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த ஊரின் பெயர் உங்களுக்குப் புதிதில்லை. 2015 ஜனவரியில் நம் சங்கத்திலிருந்து ஒரு லோரி நிறைய அரிசியும், அடுப்பும், பாயும், கைலியும் போனதே, அந்த லோரியின் முன்னால் கட்டிய துணியில் இருந்த பெயர்தான். மானெக் உராய். அன்றைக்குச் சாமான் கட்டிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஊர் எங்கே இருக்கிறது, அதற்கு முன்னால் அங்கே என்ன நடந்தது என்று கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை. பத்து வருடம் ஆகிவிட்டது. அதோடு, அந்த ஊருக்கு நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஆறு. கிளந்தான் ஆறு என்று நாம் வரைபடத்தில் பார்ப்பது, குவாலாகிராய்க்கு மேலே போனால் ஓர் ஆறாக இருக்காது. மேற்கு மலைப் பக்கமிருந்து காலாஸ் வருகிறது. தென்கிழக்கிலிருந்து, தாமான் நெகாரா காட்டுப் பக்கமிருந்து லெபிர் வருகிறது. இரண்டும் குவாலாகிராய் அருகே கலந்து, அங்கிருந்து கோத்தா பாரு வழியாகக் கடலுக்குப் போகிறது. மானெக் உராய் லெபிர் கரையில், குவாலாகிராய்க்குத் தெற்கே, குவா மூசாங் போகும் சாலையில் இருக்கிறது. ரயில் நிலையமும் உண்டு. ரப்பர் மரம், டுரியான், டொக்கோங், கொஞ்சம் மாடு, கொஞ்சம் மீன், நாலைந்து கடை. ஈப்போவிலிருந்து போகிறவர்கள் சிம்பாங் பூலாய் மலைப்பாதை ஏறி, லோஜிங் இறங்கி, குவா மூசாங் போய் வடக்கே திரும்ப வேண்டும்.

'மானிக்' என்றால் மணி, பாசிமணி. நம் மணிக்கும் மாணிக்கத்துக்கும் சொந்தமான சொல். 'உராய்' என்றால் கட்டு அவிழ்ந்து சிதறுவது. கோத்த மாலை அறுந்து மணி சிதறின ஊர் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் அத்தா பிறந்தது ராமநாதபுரம் சீமையில். அங்கே தண்ணீர் வரவில்லையே என்றுதான் ஜனங்கள் வானத்தைப் பார்ப்பார்கள். மானெக் உராயில் நவம்பர் பிறந்தால் வந்துவிடுமோ என்று பார்ப்பார்கள். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தை அவர்கள் 'மூசிம் தெங்குஜு' என்பார்கள். வெள்ளத்துக்கு ஒரே எழுத்தில் பெயர்: 'பாஹ்'. வீடுகள் தூண்மேல் நிற்கும். தூணுக்கு அடியில் படகு கிடக்கும். அரிசியும் கருவாடும் புடுவும் முன்கூட்டியே சேர்த்து வைப்பார்கள். மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். தண்ணீர் படியில் ஏறினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், குதித்து விளையாடுவார்கள். நாலைந்து நாளில் வடிந்துவிடும். வண்டல் நின்ற இடத்தில் காய்கறி நன்றாக வரும். வெள்ளம் அவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை வந்து போகும் சொந்தக்காரர் மாதிரி. வருகிறவர் சில நேரம் சண்டை போடுவார், அவ்வளவுதான்.

பெரிய சண்டைகள் மூன்று. முதலாவது 1926 டிசம்பர் கடைசியில் வந்தது. கிளந்தானில் அதை 'பாஹ் ஆயர் மேரா', சிவப்புத் தண்ணீர் வெள்ளம் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த வெள்ளம் நம் பேராக்கையும் விடவில்லை. குவாலாகங்சாரில் இட்ரிஸ் கிளப் பக்கம் வெள்ள மட்டம் குறித்த ஒரு தூண் இருக்கிறதே, அதில் 1926ஆம் வருடத்துக் கோட்டைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள்.

அந்தக் காலத்தையொட்டி ரயிலும் வந்தது. கிம்மாஸிலிருந்து தும்பாட் வரைக்கும் கிழக்குக்கரைப் பாதை 1931இல் முழுசாகச் சேர்ந்தது. அதற்கு முன்னால் ஆறுதான் சாலை. ரயில் வந்த பிறகு ஊர் ஆற்றைவிட்டு ஸ்டேஷன் பக்கம் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தது. ஜப்பான்காரன் காலத்தில் இந்தக் கிழக்குக்கரைப் பாதையின் நீண்ட பகுதியைக் கழற்றி, தண்டவாளத்தைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். நம் தமிழ் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் போய்த் திரும்பாத அந்த மரண ரயில்பாதைக்குத்தான். கிளந்தானுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. இன்னொன்றும் சொல்வேன். கிளந்தான் மாநிலத்தில் ஒரே ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பாசிர் காஜாவில், அதே குவாலாகிராய் மாவட்டத்தில்.

இரண்டாவது, 1967 ஜனவரி. கிளந்தானில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். குவாலாகிராயில் ஆற்றுக்கு இறங்கும் ஒரு படிக்கட்டு உண்டு. தங்கா கிராய் என்பார்கள், பிராட்லி படிக்கட்டு என்று வெள்ளைக்காரன் காலத்துப் பெயர். எத்தனையாவது படி மூழ்கியது என்று பார்த்துத்தான் கீழே இருக்கிற ஊர்கள் மூட்டை கட்டும். அங்கே 25 மீட்டர் அபாய மட்டம். 1967இல் 33.61 மீட்டர் ஏறியது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் கோத்தா பாரு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளோமா படித்தேன். அது கெத்தெரேயில் இருக்கிறது. கிளந்தானில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அத்தா போன் பண்ணி, "சும்மாதானே இருக்கிறே, மானெக் உராய் கடையில் பாக்கி இருக்கு, வாங்கிட்டு வா" என்பார்கள். குவாலாகிராய் போய் ரயிலேறுவேன். கடைக்காரருக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். 'அபே' என்று கூப்பிடுவேன், கிளந்தானில் அண்ணனுக்கு அதுதான். அவர் என்னை 'ஆவே' என்பார். அவருடைய உம்மாவை ஊரே 'தோக்' என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். பாக்கி கிடைக்குமோ கிடைக்காதோ, தோக் சோறு போடாமல் அனுப்பியதில்லை.

கடை மரக்கடை. செங்கால் மரத்தூண்கள். நடுத்தூணில், தரையிலிருந்து என் நெஞ்சு உயரத்தில், ஒரு துருப்பிடித்த ஆணி. 1967 வெள்ளம் வடிந்த மறுநாள் அபேயின் வாப்பா அடித்தது. தண்ணீர் அதுவரைக்கும் நின்றது என்று அடையாளம். எனக்கு அப்போது சர்வே பாடம். கல்லூரியில் கேட்டு லெவல் கருவியைக் கொண்டுவந்து, ஆணியிலிருந்து ஆற்றங்கரை, ரயில் நிலையம், கடையின் பரண் எல்லாவற்றுக்கும் மட்டம் எடுத்தேன். பரண் ஆணிக்கு மேலே ஒரு மீட்டருக்கும் கூடுதல். அழகாக வரைந்து, எங்கள் கடையின் பெயர் அச்சடித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். அபே அதைக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டி வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், "இது நம்ம ஆவே அளந்தது, பாலிடெக்னிக்" என்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தோக் மட்டும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "உன் ஆணி சின்ன வெள்ளத்து ஆணி" என்றார். அவருடைய உம்மா சொன்ன சிவப்புத் தண்ணீர் கதையைச் சொன்னார். மையவாடிக்கு ஏறும் பாதையில் இரண்டு வளைவு உண்டு. 1926இல் இரண்டாவது வளைவு வரைக்கும் தண்ணீர் வந்ததாம். அங்கே நின்றுதான் அவர்கள் பானை கழுவினார்களாம். நான் அந்தப் பாதையில் ஏறிப் பார்த்தேன். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் ஊரே இருக்காதே என்று நினைத்தேன். கிழவிகள் சொல்வது கூடிக்கொண்டேதான் போகும் என்று எண்ணி, அதை என் படத்தில் சேர்க்கவில்லை. ஆணி இருந்தது, அளந்தேன். வளைவில் ஆணி இல்லை, விட்டுவிட்டேன்.

படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஒரு குத்தகைக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் கடைக்கு வந்துவிட்டேன்.

2014 டிசம்பர் ஆரம்பத்தில் அபேயின் கடைக்குக் கைலியோடு பள்ளிச் சீருடையும் அனுப்பினேன். ஜனவரியில் பள்ளி திறக்கும், விற்றுத் தந்தால் போதும் என்று கடனாக. அத்தாவுக்கு அவ்வளவு கடன் பிடிக்காது. நான்தான் கணக்குப் போட்டேன், நல்ல லாபம் என்று.

டிசம்பர் நடுவில் ஒரு மழை பெய்து மண் ஊறிப்போயிருந்தது. 20 தேதிக்கு மேல் இரண்டாவது மழை பிடித்தது. லெபிரின் தலைமாட்டில் இருக்கும் குனோங் காகாவ் பக்கம் மூன்றே நாளில் 1,295 மில்லிமீட்டர் பெய்ததாகப் பிற்பாடு கணக்குச் சொன்னார்கள். அறுபத்துச் சொச்சம் நாளில் பெய்கிற மழை அது. அப்போது எனக்கு அது தெரியாது. நான் ஈப்போவில் கடையில் உட்கார்ந்து, ஆற்று மட்டத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

22ஆம் தேதி அபே போன் பண்ணினார். "ஆவே, தண்ணீர் நிறம் சரியில்லை. உன் சீருடையை எல்லாம் லோரி பிடித்து மேட்டுக்கு அனுப்பட்டுமா? இல்லை, குவா மூசாங்கில் உனக்குத் தெரிந்த கடையில் இறக்கட்டுமா?" என்று கேட்டார்.

லோரி வாடகை யார் கொடுப்பது, நனைந்தால் யார் பொறுப்பு, திரும்பி வந்தால் இந்த வருடம் யார் வாங்குவார்கள் என்று என் மனசு ஓடியது. அதை அவரிடம் சொல்லவில்லை. "அபே, தங்கா கிராயில் இன்னும் 1967 மட்டத்துக்கு எவ்வளவோ பாக்கி இருக்கு. உங்கள் பரண் ஆணிக்கு ஒரு மீட்டர் மேலே. எல்லாத்தையும் பரணில் ஏற்றுங்கள், போதும்" என்றேன். டிப்ளோமாக்காரன் குரலில் சொன்னேன். அவரும் நம்பினார்.

தோக் நம்பவில்லை. மறுநாள் மத்தியானமே மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு பானையும் ஒரு மூட்டை அரிசியுமாக மையவாடிப் பாதையில் ஏறிவிட்டார். அக்கம்பக்கத்தில் நாலைந்து குடும்பமும் பின்னால் போனது. அபேயும் மூத்த மகனும் என் சரக்கைப் பரணில் அடுக்கிக்கொண்டு கடையிலேயே இருந்துவிட்டார்கள்.

அதற்கு அப்புறம் ஐந்து நாள் போன் கிடைக்கவில்லை. மின்சாரமும் கிடையாது. தங்கா கிராயில் 34.17 மீட்டர் என்று வந்தது. அதாவது 1967ஐவிட அரை மீட்டர்தான் கூடுதல். நான் அதைப் பார்த்து, அப்படியென்றால் பரண் தப்பித்திருக்கும் என்றுகூட ஒரு கணக்குப் போட்டேன். இதுதான் நான் செய்த மடத்தனத்தின் உச்சம். தங்கா கிராய் இரண்டு ஆறும் சேர்கிற இடத்தில் இருக்கிறது. மானெக் உராய் லெபிர் மேல் மட்டும் இருக்கிறது. மழை கொட்டியது லெபிரின் தலையில். குவாலாகிராயில் அரை மீட்டர் கூடுதல் என்றால், குறுகலான பள்ளத்தாக்கில் இருக்கிற ஊரிலும் அதே அரை மீட்டர்தான் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் படித்த புத்தகத்தில் அதற்கு எதிர்மாறாகத்தான் இருந்தது.

மானெக் உராயில் கடையின் கூரை மூழ்கியது. நிவாரண மையமாக வைத்திருந்த இடைநிலைப்பள்ளிக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அங்கே போனவர்கள் ஒவ்வொரு மாடியாக மேலே ஏறினார்கள். அந்தப் படங்களை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். காலாஸ் பக்கம் கெமுபு ரயில் பாலம் அடித்துக்கொண்டு போனது, ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பாதையில் ரயில் முழுசாக ஓடவில்லை. மலையில் வெட்டித் திறந்த மண் எல்லாம் கரைந்து தண்ணீர் மஞ்சளாக வந்ததால் 'பாஹ் கூனிங்' என்று பெயர் வைத்தார்கள். மரம் வெட்டியதுதான் காரணம் என்கிறவர்களும் உண்டு, மழைதான் காரணம் என்கிறவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது என் அபிப்பிராயம். அவ்வளவு மழைக்கு எந்தக் காடும் திணறும். ஆனால் அவ்வளவு மண் காட்டிலிருந்து தானாக வராது.

அபேயும் மகனும் பரணில் இருந்தார்கள் அல்லவா. ராத்திரி தண்ணீர் பரணுக்கு வந்தது. கூரைத் தகட்டைப் பாராங்கால் நெம்பித் திறந்து மேலே ஏறினார்கள். இருட்டில் ஒரு படகுக்காரர் டார்ச் வெளிச்சம் பார்த்து வந்து எடுத்துக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ். படகு வேறு பக்கம் திரும்பியிருந்தால் நான் இன்றைக்கு இந்த மைக்கின் முன்னால் நின்று என்ன பேசுவேன் என்று எனக்குத் தெரியாது.

நம் லோரி கிரிக், ஜெலி வழியாகச் சுற்றிக்கொண்டு ஜனவரியில் போய்ச் சேர்ந்தது. அந்த வருடம் பள்ளிக்கூடம் திறப்பதையே ஒரு வாரம் தள்ளி வைத்திருந்தார்கள். லோரியில் நானும் இருந்தேன். கடை இருந்த இடத்தில் இரண்டு செங்கால் தூண் மட்டும் நின்றது. ஆணி அடித்த தூண் அதில் ஒன்று. சேற்றுக்குள் என் சீருடைகள் மஞ்சள் நிறத்தில் கிடந்தன. தோக் என்னைக் கண்டதும், "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார். நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

அபேயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காத மாதிரி, "உனக்கு நான் எவ்வளவு தரணும்?" என்று கேட்டார். ஊர்க் கடனையெல்லாம் அவர் எழுதி வைத்த 555 நோட்டுப் புத்தகங்கள் ஆற்றோடு போய்விட்டன. எங்கள் பேரேட்டில் இருந்த தொகையைச் சொன்னேன். "இல்லை, அதுக்கு மேலே. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு பன்னிரண்டு கைலி அனுப்பினாயே, அதை நீ எழுதவில்லை" என்றார். வந்து பார்த்தேன். எழுதவில்லைதான்.

அத்தா பேரேட்டை வாங்கி, சீருடைக் கணக்கைத் தன் கையால் அடித்துவிட்டார்கள். "இது அவர் கடன் இல்லை, உன்னுடையது" என்றார்கள். கைலிப் பாக்கியையும் விட்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பினோம். அபே ஒப்புக்கொள்ளவில்லை. மாதம் ஐம்பது ரிங்கிட்டாக அடைத்தார். சில மாதம் முப்பது. கடைசித் தவணை வந்தபோது அத்தா இல்லை, வஃபாத்தாகிவிட்டார்கள்.

அந்த முதல் பயணத்திலேயே அபே ஒரு புது ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு தூணுக்குப் போனார். அடிக்க இடமில்லை. தண்ணீர் தூணைவிட உயரம். பிறகு நாங்கள் சேற்றுக் கறையைப் பார்த்துக்கொண்டே மையவாடிப் பாதையில் ஏறினோம். முதல் வளைவு தாண்டியும் கறை இருந்தது. இரண்டாவது வளைவுக்குப் பத்துப் பதினைந்து அடி முன்னால் ஒரு பெரிய டுரியான் மரம், அதன் வேரில் கறை நின்றது. அபே அந்த மரத்தில் ஆணியை அடித்தார். தோக்கின் உம்மா பானை கழுவிய இடம் அதற்கும் மேலே. மறுமுறை போனபோது லெவல் கருவி கொண்டுபோய் இரண்டு இடத்தையும் அளந்தேன். புதுப் படம் வரைந்தேன். இரண்டாவது வளைவுக்கு நேராக '1926, தோக் சொன்னது' என்று எழுதினேன். தோக் படத்தைப் பார்த்துவிட்டு, தன் உம்மாவின் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதினேன். தோக் 2018இல் காலமானார். அந்த இரண்டாவது வளைவைத் தாண்டித்தான் அடக்கம் செய்தார்கள்.

ஊரில் சிலர் மேட்டுக்குப் போய்விட்டார்கள். சிலர் புதிதாகக் கட்டிக்கொடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். அபே பழைய இடத்திலேயே உயரமான கான்கிரீட் தூண் போட்டுக் கடை கட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "ரப்பர் மரம் இங்கே இருக்கு, வாடிக்கை இங்கே இருக்கு, மேட்டுக்கு யார் உப்பு வாங்க வருவார்?" என்கிறார். வியாபாரிக்கு வியாபாரி, அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இந்த நவம்பர் கடைசியில் கிளந்தானில் மறுபடியும் வெள்ளம் வந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் சுபுஹுக்குப் பிறகு அபே போன் பண்ணினார். "ஆவே, லெபிர் மட்டம் இப்போ எவ்வளவு காட்டுது?" என்றார். இப்போது நான் தங்கா கிராயை மட்டும் பார்ப்பதில்லை, லெபிரின் மேல்பக்க மட்டத்தையும் பார்க்கிறேன். எண்ணைச் சொன்னேன். மணியைச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எவ்வளவு என்பதையும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

"சரி" என்றார். "சரக்கெல்லாம் நேற்றே மேலே சுராவுக்குப் போயாச்சு. நீ அனுப்பின கைலி இன்னும் கட்டுப் பிரிக்கலை. பில்லில் ஒரு டஜன் குறைவாப் போட்டிருக்கே, திருத்திடு."

திருத்திவிட்டேன்.